காசிமேட்டுச் சந்துக்கு ஒரு கம்ப்யூட்டர்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நாலு பேருக்கும் ஒயர் மாட்டுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எந்த மதர்போர்டுக்கு எந்த ராம், எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைக்கு என்பதையெல்லாம் இப்போது போனிலேயே படம் பிடித்துக் காட்டுகிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பெட்டி மேல் இருக்கும் இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிக்கவே எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன. நான் அசெம்பிள் செய்தவற்றில் ஒரே ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் தப்பு செய்தது நான்தான். அதனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டைக் கடையில் நான் முதலில் சேர்ந்தது தூசி தட்டத்தான். ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய மிஷின்களை அண்ணாச்சி மொத்தமாக வாங்கி வருவார். பிரஷ்ஷால் தூசி தட்டி, ராமின் பல்லை ரப்பரால் தேய்த்து வைப்பது என் வேலை. அந்தத் தூசி எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஹார்பர் பக்கத்து ஆபீஸ் மிஷின் என்றால் தூசி கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அத்திப்பட்டு அனல்மின் நிலையப் பக்கம் என்றால் விபூதி மாதிரி சாம்பல். ஜவுளிக்கடை மிஷினுக்குள் கலர் கலராகப் பஞ்சு. மூடியைத் திறந்ததும் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவேன். அண்ணாச்சி சிரிப்பார். "அக்கா ஜோசியம் பாக்குதாங்க" என்பார். அவர் என்னை விட ஏழெட்டு வயது சின்னவர், தெற்கத்திக்காரர். ஊரே அண்ணாச்சி என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

தட்டத் தட்ட, உள்ளே இருப்பது எது எதற்கு என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. யாரையும் கேட்க மாட்டேன். கூச்சம். அண்ணாச்சி மாட்டும்போது பக்கத்தில் துணி மடிக்கிற மாதிரி உட்கார்ந்து பார்ப்பேன். ஒருநாள் அவரே ஸ்க்ரூடிரைவரை என் பக்கம் நீட்டினார். பிறகு அசெம்பிள் வேலையில் பாதி என் கைக்கு வந்தது. பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்குப் போய்ப் பார்த்துவரும் வேலையும் எனக்கே வந்தது.

அண்ணாச்சிக்கு ஒரு கணக்கு உண்டு. குறைந்த காசுக்கு மிஷின் கேட்டு வருகிறவர்களுக்கு அவர் சொல்வது: "கரண்டு வாங்குத சாமானும், எழுதி வைக்குத சாமானும் புதுசா இருக்கணும். மத்ததெல்லாம் எவன் கையில இருந்து வந்தாலும் கவலையில்ல." அதாவது எஸ்.எம்.பி.எஸ்ஸும் எஸ்.எஸ்.டி.யும் புதிது. பாக்கியெல்லாம் பழையது. இது நல்ல கணக்கு. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கணக்கில் இல்லாத ஒன்றினால்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

செல்வி காசிமேட்டுப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். பி.காம். படித்தவள். புருஷன் விசைப்படகில் வேலை. மாமியார் கீழே விழுந்து காலை ஊன்ற முடியாமல் கட்டிலோடு கிடந்தார். வெளியே வேலைக்குப் போக வழியில்லை. ஒரு தனியார் ஆபீஸ், வாடிக்கையாளர்களின் புகாரைப் போனில் கேட்டுப் பதிகிற வேலையை வீட்டிலிருந்தே செய்யச் சொல்லி அவளை எடுத்திருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் அவளே வைத்துக்கொள்ள வேண்டும்.

"ஆன்ட்டி, இன்னின்னா வேணும்னு ஆபீஸ்காரன் இந்தச் சீட்டுல எய்திக் குட்த்துகிறான். என் கையில கீறது இவ்ளோதான். இதுக்கு மேல என்னை ஒதறுனாலும் ஒண்ணும் வுயாது" என்றாள்.

முதல் மாதம் அவளுக்கு வெள்ளோட்டம். பேசிக்கொண்டிருக்கும்போது அவள் பக்கமிருந்து மூன்று தடவை இணைப்பு அறுந்தால் வேலை கிடையாது. ஒரே ஒரு லீவு எடுக்கலாம். அவ்வளவுதான்.

நான் வீட்டைப் பார்க்கப் போனேன். மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தது. சந்துக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு பெரிய ஷட்டர் இறக்கியிருந்தது. அதன் முன்னால் வலையை மலை மாதிரி குவித்து, ஏழெட்டு ஆம்பிளைகள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஷட்டருக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கேட்டிருந்தால் அரை நிமிடம். அத்தனை ஆம்பிளைகள் தலை நிமிர்ந்து பார்க்கவும், நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் போய்விட்டேன். வலை போட்டு வைக்கும் இடம் போலிருக்கிறது என்று நானே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டேன்.

செல்வி வீடு அந்த ஷட்டருக்கு அடுத்த சுவர். ஒரே அறை, ஒரு சமையல் தடுப்பு. எல்லா லைட்டையும் ஃபேனையும் போட்டேன். மிக்ஸியைப் போடச் சொல்லி பல்பைப் பார்த்தேன். பல்பு இமைக்கவே இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் அசையாமல் நின்றது.

"கரெண்டுலாம் எப்டிம்மா இங்க?"

"நம்ம ஏரியால கரெண்டு போவாது ஆன்ட்டி. அதுலாம் ஷோக்கா கீது."

செல்வியின் காசுக்கு, கரண்ட் போனாலும் மிஷினைத் தாங்கும் யு.பி.எஸ் போட்டால் நல்ல ஹெட்போன் கிடையாது. ஹெட்போன் போட்டால் யு.பி.எஸ் கிடையாது. நாள் முழுக்கப் பேசுகிற பெண்ணுக்குக் காதும் குரலும் முக்கியம் என்று யு.பி.எஸ்ஸைச் சீட்டிலிருந்து அடித்துவிட்டேன்.

"நல்லாப் பாத்தீயளா அக்கா?" என்றார் அண்ணாச்சி.

"பாத்துட்டேன் அண்ணாச்சி. பல்பு கண்ணக்கூட சிமிட்டல."

மிஷின் அழகாக ஓடியது. மூன்று வாரம் ஒரு குறையில்லை. செல்வி வாரா வாரம் போன் செய்து, "ஆன்ட்டி, உன் மிஷினு ராஜா மாறி ஓடுது" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். என் மிஷின் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை.

நாலாவது வாரம் ஒருநாள் காலை பதினோரு மணி வாக்கில் அது தானாக அணைந்து தானாக எழுந்தது. செல்வி அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, பெட்டியை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தாள். நான் ராமைக் கழற்றித் தேய்த்தேன். சிப்பின் சூட்டை இறக்கும் பசையை மாற்றினேன். எஸ்.எம்.பி.எஸ்ஸையே எடுத்துவிட்டு வேறு புதிது போட்டேன். பகல் பூராவும் படம் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு இருமல் கிடையாது. திருப்பி அனுப்பினேன். மறுநாள் மூன்று மணிக்கு மறுபடி அதே கதை.

அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் நேராகக் கடைக்கு வந்து நின்றாள். பெட்டி இல்லை. வெறுங்கை.

"ஆன்ட்டி, நீ இன்னாத்த மாட்டிக் குட்த்தே? ரெண்டு தபா ஆய்ட்ச்சு. இன்னும் ஒரு தபா அறுந்தா என்னை ஊட்டுக்குப் போன்னுடுவான். நான் ஊட்லதான் கீறேன், எங்க போறது?"

கோபத்தில் சொன்னதுதான். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்து, சிரிப்போடு கண்ணும் கலங்கிவிட்டது.

அண்ணாச்சி உடனே, "விடும்மா, அந்த மிஷினைத் தூக்கிப் போட்டுட்டு வேற மிஷின் தாரேன். இப்பவே எடுத்துட்டுப் போ" என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. "அண்ணாச்சி, மிஷினு இங்க ஓடுது, அங்க நிக்குது. இன்னொரு மிஷினும் அங்கதான போவும்?"

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். வாடிக்கையாளர் முன்னால் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"பொறவு என்ன செய்யணும்ங்கீய?"

"நாளைக்குக் காலைல நான் அங்க போயி குந்திப் பாக்கறேன்."

பயம் இருந்தது. அதைவிட அதிகமாக, அது ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு இருந்தது. பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் என்ன சம்பந்தம்? சூடு என்றால் மூன்று வாரம் வெயிலில் ஏன் ஓடியது? உப்புக்காற்று என்றால் இரண்டே நாளில் ஏன் அரித்தது? எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமும் வரும். இதை வெளியே சொன்னால் அடிப்பார்கள் என்று சொல்லாமல் இருந்தேன்.

மறுநாள் எட்டு மணிக்குச் சந்துக்குள் நுழைந்தேன். வலையைக் காணோம். வலை தைத்தவர்களைக் காணோம். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. அடியிலிருந்து தண்ணீர் வழிந்து சந்து நெடுக ஓடியது. யாரோ கழுவி விடுகிறார்கள் என்று நினைத்து, புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தாண்டிப் போனேன். அப்போதும் கேட்கவில்லை பாருங்கள்.

மிஷினைப் போட்டு, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். செல்வி தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு அவள் உள்ளே போக வேண்டும். அன்று லீவு எடுக்கவும் வழியில்லை, இருந்த ஒரு லீவும் முதல் தடவை அறுந்த அன்றே போய்விட்டதே. எட்டே முக்கால் இருக்கும். மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் வேகம் குறைந்து மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. கட்டிலில் படுத்திருந்த மாமியார் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"ஐஸு ஒடைக்கிறானுங்க."

டப்பென்று திரை கறுத்தது. பெட்டி அணைந்து, மறுபடி தானாக எழுந்தது.

"அம்மா, இப்ப இன்னா சொன்னீங்க?"

"ஐஸும்மா. பக்கத்து ஷெட்டுல. மிஷினு போட்டானுங்கன்னா ஃபேனு படுத்துக்கும். அப்பால எய்ந்துக்கும். நான் வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து அப்டித்தான்."

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் வாயில் ஹேர்பின்னோடு, "அது எப்பவும் அப்டித்தான் ஆன்ட்டி. அதுக்கும் இதுக்கும் இன்னா?" என்றாள்.

அவள் மேல் தப்பே இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அந்தச் சந்தில் இருக்கிறவள். ஐஸ் உடைக்கும்போது ஃபேன் படுத்துக்கொள்வது அவளுக்குக் காக்கா கத்துவது மாதிரி. கரண்ட் எப்படி என்று கேட்டால் அது போவதில்லை என்றுதான் சொல்வாள். கரண்ட் போகவில்லையே, தணிகிறது, அவ்வளவுதானே. நான் போய்ப் பார்த்ததோ தடைக்காலத்தில். படகு கடலுக்குப் போகாவிட்டால் ஐஸ் எதற்கு? ஷெட் மூடிக் கிடந்தது. பல்பு எப்படி இமைக்கும்? தடை முடிந்து படகுகள் ஒன்றிரண்டாகக் கிளம்பி, நாளைக்கு ஒரு லோடு ஐஸ் உடைக்க ஆரம்பித்தபோதுதான் இரண்டு அறுப்பும் வந்திருக்கிறது. தடைக்காலத்தில் மீன் விலை ஏறுவது எனக்குத் தெரியும். கரண்ட் நன்றாக இருக்கும் என்பது தெரியாமல் போயிற்று.

காரணம் தெரிந்துவிட்டது. ஒன்பதுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, யு.பி.எஸ் வேணும். ஓடியாங்க."

"புதுப் பெட்டி ஒண்ணு பிரிச்சு எடுத்துட்டு வாரேன்."

"புதுசு வேணாம். அதுல சார்ஜு இருக்காது, ஏத்தவே பாதி நாள் ஆவும். நம்ம பில்லு போடற மிஷினுக்கு அடியில கீதே, அத்தக் கழட்டுங்க."

"அக்கா, அதைக் கழட்டுனா கடையில பில்லு எப்படிப் போடுதது?"

"கையால எழுதுங்க."

சொன்ன பிறகுதான் முதலாளியிடம் சொல்கிறோம் என்று உறைத்தது.  அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

செல்வி, "நான் உள்ள போவட்டுமா வேணாமா ஆன்ட்டி? போனா அறுந்துடும். போவலன்னா லீவுன்னுடுவான்" என்றாள்.

"இரு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஷட்டர் முன்னால் போய் நின்றேன். உள்ளே ஐஸ் உடைக்கும் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பாளம் பாளமாக ஐஸை உள்ளே தள்ளினால் மறுபக்கம் தூளாகக் கொட்டுகிறது. இடுப்பில் கோணி கட்டிய ஒருவர் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் கூடையில் வாரிக்கொண்டிருந்தார்கள்.  என்னைக் கண்டதும் கோணிக்காரரே மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஐஸு வேணுமா? மீனு எங்க?"

"ஐஸு வேணாம்ண்ணே. மிஷினு... மறுபடியும் எப்பப் போடுவீங்க?"

"டேய், இந்தம்மாக்கு நம்ம சத்தம் பேஜாராக்கீதாம்டா" என்றான் கூடைக்காரன் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கால் பின்னால் போனது. அப்புறம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து வீட்டு செல்வி, போனில் பேசுகிற வேலை, இரண்டு தடவை அறுந்தது, மூன்றாவது அறுந்தால் வேலை போய்விடும், அறுப்பது இந்த மிஷின் என்று.

கோணிக்காரர் சிரிக்கவில்லை. "செவுத்துக்கு அந்தாண்ட நாள் பூரா வணக்கம் சொல்லிகினே கீதே, அந்தப் பொண்ணா? நான் ஏதோ ரேடியோன்னு நெனச்சேன்" என்றார். "இந்த லோடு முட்ஞ்சிது. அடுத்த ஐஸு வண்டி பத்தரைக்கு வரும். வந்தா நிறுத்த முடியாதும்மா. கடலுக்குப் போற போட்டு காத்துகினு கீது."

"வந்ததும் போடறதுக்கு முன்னால ஒரு கொரல் குடுப்பீங்களா?"

"குடுக்கிறேன், போ."

முன்பின் தெரியாத ஒருவர் சொன்ன வார்த்தை. வேறு வழியில்லை. உள்ளே வந்து செல்வியிடம், "நீ உள்ள போ. பத்தரை வரைக்கும் ஒண்ணும் ஆவாது" என்றேன். அவளுக்கு மத்தியானத்துக்கு முன்னால் கால் மணி நேரம் இடைவேளை ஒன்று உண்டு. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒரு தடவைதான். "அத்த மட்டும் நான் சொல்லாம எடுக்காதே. ஒண்ணுக்கு வந்தாக்கூட அடக்கிகினு குந்து" என்றேன். யு.பி.எஸ்ஸில் மாட்ட வேண்டுமென்றால் மிஷினை ஒருமுறை அணைக்கத்தானே வேண்டும். அந்தக் கால் மணி நேரம்தான் எங்கள் கையில் இருந்தது. ஐஸுக்குப் பயந்து அதைச் செலவழித்துவிட்டால் மாட்டுவதற்கு நேரம் கிடையாது.

ஒன்பது மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "வணக்கம். நான் செல்வி பேசுகிறேன். உங்களுக்கு நான் எப்படி உதவ வேண்டும்?" என்றாள். நான் அசந்துபோய்ப் பார்த்தேன். அப்படி ஒரு தமிழ் அவள் வாய்க்குள் எங்கே இருந்தது? எவனோ ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று கத்துகிறான் போலிருக்கிறது. "உங்கள் சிரமம் புரிகிறது சார்" என்றாள் தேன் மாதிரி. அந்தப் பக்கம் கேட்காமல் இருக்க ஒரு பொத்தானை அழுத்திவிட்டு என்னிடம், "கய்தை, பிளக்கே சொருவாம கத்துது ஆன்ட்டி" என்றாள். பொத்தானை விட்டதும் மறுபடி தேன்.

பத்து மணிக்கு அண்ணாச்சி போன் செய்தார். "அக்கா, கண்டெய்னர் லாரிக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன். முன்னயும் போக முடியல, பின்னயும் போக முடியல."

பத்தே கால் கூட ஆகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "யம்மா! வண்டி வந்துட்ச்சு!" என்று குரல் வந்தது. கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது.

ஓடினேன். ஷெட் வாசலில் ஐஸ் பாளங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். படகுக்காரர் ஒருவர் நின்று, "இன்னா நைனா, போடாம இன்னாத்தப் பாத்துகினு நிக்கிறே?" என்று கத்தினார்.

"அண்ணே, ஒரு பத்து நிமிசம்" என்றேன் கோணிக்காரரிடம்.

"பத்தா? ஐஸு எனக்காவ நிக்குமா, உனக்காவ நிக்குமா? பாரு, உருவுது. அஞ்சு நிமிசம்."

அவர் சொன்னது நியாயம். ஐஸ் உருகினால் அவருக்கு நஷ்டம், படகுக்கு நஷ்டம். வெறுங்கையை ஆட்டிக்கொண்டு அடுத்தவனை நிற்கச் சொல்வது சரியில்லை. ஷெட் மூலையில் ஈரக் கோணிகள் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, வெயில் படுகிற பாளங்கள் மேல் போர்த்தினேன். கை மரத்துப் போயிற்று. கூடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். முதலில் சிரித்தானே, அவன் வந்து இன்னொரு முனையைப் பிடித்தான்.

"தோ பாருடா, புள்ளைக்குப் போத்தற மாறி போத்துது" என்றார் கோணிக்காரர். ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. அவர் சுவிட்ச் பக்கம் போகவில்லை. படகுக்காரரிடம், "இரு நைனா, ஒரு டீ குடிச்சிட்டு வா" என்றார்.

சந்து முனையில் அண்ணாச்சி தெரிந்தார். ஆட்டோவை நடுரோட்டிலேயே விட்டுவிட்டு, யு.பி.எஸ்ஸைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி. ஈயம் நிரப்பின பேட்டரி, கனம் லேசில்லை. மூச்சு வாங்கியதில் அவரால் பேச முடியவில்லை.

உள்ளே ஓடி, செல்விக்குக் கையைக் காட்டினேன். அவள் பேச்சில் இருந்தாள். யாரோ ஒரு பெரியவர் போலிருக்கிறது, பில்லைத் தேடி எடுத்து ஒவ்வொரு நம்பராகப் படிக்கிறார். செல்வி கண்ணால் கெஞ்சுகிறாள், வாயால் "பரவாயில்லை ஐயா, நிதானமாகச் சொல்லுங்கள்" என்கிறாள். நானும் அண்ணாச்சியும் ஆளுக்கொரு ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பேச்சு முடிந்தது. இடைவேளை அழுத்தினாள்.

மிஷினை முறையாக அணைத்தோம். பெட்டியின் ஒயரும் திரையின் ஒயரும் யு.பி.எஸ்ஸுக்கு மாறின. அண்ணாச்சி சுவிட்சில் கை வைத்துவிட்டார்.

"இருங்க அண்ணாச்சி!"

சுவரில் தனியாக மாட்டியிருந்த இன்டர்நெட் டப்பாவில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் ஓடி, அது அணைந்தால், பேச்சு அறுந்தது அறுந்ததுதான். அதன் ஒயரோ குட்டை, எட்டவில்லை. அரிசி டின்னை இழுத்துப் போட்டு அதன் மேல் யு.பி.எஸ்ஸைத் தூக்கி வைத்தோம். எட்டியது. மிஷின் எழுந்து, செல்வி மறுபடி உள்ளே போனபோது இடைவேளையில் இரண்டு நிமிடம் மீதி இருந்தது. அண்ணாச்சி வெளியே போய், "போடுங்கண்ணே, ரொம்பப் புண்ணியமாப் போச்சு" என்று சொல்வது கேட்டது.

ஐஸ் மிஷின் ஓடத் தொடங்கியது. ஃபேன் படுத்தது. யு.பி.எஸ் கீ, கீ என்று கத்தியது. ஓடிப்போய் அது கத்துகிற இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தேன். திரை அசையவில்லை. செல்வி முதுகைக் காட்டி உட்கார்ந்து யாருக்கோ வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். ஒரு வீட்டுக்குப் போனால், இருக்கிறதை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பூட்டியிருப்பதையும் கேளுங்கள். இங்கே கரண்ட் எப்படி என்று கேட்காதீர்கள். எப்போதாவது ஃபேன் மெதுவாகச் சுற்றுமா, பக்கத்தில் யார் என்ன மிஷின் ஓட்டுகிறார்கள், எந்த மாதம் ஓட்டுவதில்லை என்று கேளுங்கள். அவர்களுக்குப் பழகிப்போனதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். கூச்சமாக இருந்தால் வீட்டில் படுத்திருப்பவர்களைக் கேளுங்கள். அவர்கள் நாள் முழுக்க ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மாதம் முடிந்து செல்விக்கு வேலை நிலைத்தது. கடை யு.பி.எஸ் அங்கேயே இருந்தது. அதன் காசை மெல்ல மெல்ல அடைக்கும்படி செல்வியிடம் சொல்லிவிட்டு, கடைக்கு அண்ணாச்சி வேறு வாங்கிக்கொண்டார். ஆனால் இதையெல்லாம் விட எனக்கு மனதில் நிற்பது அன்று மத்தியானம்.

ஒரு மணிக்கு செல்வி சாப்பாட்டு இடைவேளை எடுத்து, ஹெட்போனைக் கழற்றினாள். காது ரெண்டும் சிவந்திருந்தது. நான் இன்னும் அரிசி டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா ஆன்ட்டி, இன்னும் ஐஸு ஒடைக்கலியா அவனுங்க? வவுத்துல நெருப்பக் கட்டிகினு பேசிகினு கீறேன். எப்பத்தான் போடுவானுங்களாம்?"

நான் பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து மாமியார் சொன்னார்.

"மூணு தபா ஒடச்சிட்டுப் போய்ட்டானுங்கடி."

செல்வி ஃபேனை நிமிர்ந்து பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு சாப்பிடவும் தோன்றாமல், ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.